‘மே பி’ சறுக்கும் இடங்கள்: ஆங்கிலத்தில் அளந்து சொல்லும் வாக்கியத்தைப் பழுது பார்த்தல்

கோயம்புத்தூரில் ஆய்வேடுகளின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. மார்ச் பிறந்துவிட்டால் வேளாண்மையும் ஜவுளியும் படிக்கும் பிள்ளைகள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட பிரதிகளோடு வந்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய கடிதங்கள் வரும். இரண்டிலும் என் சிவப்பு மை அதிகம் விழுவது ஒரே வகை வாக்கியத்தில்தான்: ‘இதனால் இருக்கலாம்’, ‘இப்படிக் கருதலாம்’ என்று, முழு உறுதி இல்லாத ஒன்றை அளந்து சொல்லும் வாக்கியம்.

ஆங்கிலத்தில் இதற்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. மே, மைட், குட், கேன் ஆகிய துணைவினைகளில் ஒன்று முதலில் வரும். அடுத்து ‘பி’. அதற்கடுத்து வினையின் மூன்றாம் வடிவம். ‘மே பி அட்ரிபியூட்டட் டு’ என்றால் ‘இதைக் காரணமாகக் கூறலாம்’. ‘இட் கேன் பி ஆர்கியூட் தட்’ என்றால் ‘இப்படி வாதிட இடமுண்டு’. மூன்றே உறுப்புகள்தான். ஆனால் மூன்றில் எது வேண்டுமானாலும் பழுதாகும்; பழுதே இல்லாத வாக்கியமும் தவறான இடத்தில் வந்து உட்காரும்.

இங்கே அறிகுறி வாரியாகத் தருகிறேன். எளிதில் சரியாகும் பழுதுகள் முன்னால், செலவு வைக்கும் பழுதுகள் பின்னால். ஆங்கிலச் சொற்றொடர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பாதிப் பிழைகள் காதிலேயே பிடிபட்டுவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை

ஆங்கில வாக்கியத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அதே செய்தியை வீட்டில் அப்பாவிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லுங்கள். சொல்லும்போது வினைச்சொல்லின் வாலைக் கவனியுங்கள்.

‘பாதிக்கப்பட்டது’ என்று வந்தால் அது நீங்கள் கண்ணால் பார்த்தது, அல்லது அளந்தது. ஆங்கிலத்திலும் ‘வாஸ் அஃபெக்டட்’ போதும். மே, மைட் எதுவும் கூடாது.

‘பாதிக்கப்படலாம்’ என்று வந்தால் பொதுவாக நடக்கக்கூடியது, அல்லது இனி நடக்கக்கூடியது. ‘மே பி அஃபெக்டட்’ அல்லது ‘கேன் பி அஃபெக்டட்’.

‘பாதிக்கப்பட்டிருக்கலாம்’ என்றால் நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம். ‘மே ஹாவ் பீன் அஃபெக்டட்’.

‘பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்’ என்றால் வேறு வழியே இல்லை என்ற அளவுக்கு உறுதியான ஊகம். ‘மஸ்ட் ஹாவ் பீன் அஃபெக்டட்’. இதைக் கையாளும் உரிமை மற்ற காரணங்களையெல்லாம் சோதித்து ஒதுக்கியவருக்கே உண்டு.

நம் மொழியில் இந்த நான்கையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. சந்தைக்குப் போய் வந்தவர் ‘மஞ்சள் விலை இறங்கியது’ என்கிறாரா, ‘இறங்கியிருக்கலாம்’ என்கிறாரா என்பதை வைத்தே மூட்டையை விற்பதா வைப்பதா என்று முடிவு செய்கிறோம். அந்தக் காது ஆங்கிலம் எழுதும்போதும் வேலை செய்ய வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். கீழே வரும் சிக்கல்களில் சரிபாதி இதிலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: படிக்கும்போதே வாக்கியம் இடறுகிறது

இவை உறுப்பு கழன்ற பழுதுகள். பத்து நிமிட வேலை.

‘பி’ காணாமல் போயிருக்கிறது என்றால்

‘தி லீவ்ஸ் மே அஃபெக்டட் பை ஒயிட்ஃப்ளை’ என்று எழுதியிருப்பார்கள். தமிழில் ‘பாதிக்கப்படலாம்’ ஒரே சொல். அதற்குள் ஒளிந்திருக்கும் ‘பட’வுக்கு ஆங்கிலத்தில் தனி இடம் உண்டு என்பது எழுதும் வேகத்தில் மறந்துவிடுகிறது. கோப்பில் மே, மைட், குட், கேன் ஒவ்வொன்றையும் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த சொல் மூன்றாம் வடிவமாக இருந்தால் நடுவில் ‘பி’யைச் செருகுங்கள்.

‘பி’ இருக்கிறது, மூன்றாம் வடிவம் இல்லை என்றால்

‘மே பி அப்சர்வ்’, ‘மே பி ரெட்யூஸ்’ என்று நிற்கும். கடைசி ‘ட்’ ஒலியைப் பேச்சில் விழுங்குவதால் எழுத்திலும் விழுந்துவிடுகிறது. ‘பி’க்கு அடுத்த சொல்லை மட்டும் தனியாக உரக்கப் படித்துப் பாருங்கள்.

‘மேபி’ ஒரே சொல்லாக ஒட்டியிருக்கிறது என்றால்

கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை இதைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஏனென்றால் ஒட்டிய வடிவமும் ஆங்கிலச் சொல்தான்; ‘ஒருவேளை’ என்று பொருள். அந்த இடத்தில் ‘பர்ஹாப்ஸ்’ என்று போட்டுப் படியுங்கள். வாக்கியம் நின்றால் ஒட்டியே எழுதலாம். சரிந்தால் அங்கே வினை இல்லை என்று பொருள், பிரித்து எழுதுங்கள். ‘திஸ் பர்ஹாப்ஸ் ட்யூ டு’ என்று படித்தாலே சரிவு தெரியும். பேச்சுவாடை இருப்பதால் ஆய்வேட்டில் ஒட்டிய வடிவத்துக்கு அநேகமாக வேலையே இல்லை.

வாக்கியத்துக்குத் தலை இல்லை என்றால்

‘கேன் பி இன்ஃபர்டு தட்’ என்று நேரடியாகத் தொடங்கியிருக்கும். தமிழ் ‘எனலாம்’ எழுவாய் கேட்காது, தனியாகவே நிற்கும். ஆங்கிலத்தில் பொருளற்ற ஓர் ‘இட்’டாவது முன்னால் வேண்டும். ‘இட் கேன் பி இன்ஃபர்டு தட்’ என்று எழுதுங்கள்.

இந்த நான்குக்கும் வெளியாள் வேண்டாம். அறைத்தோழர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாலே போதும்.

அறிகுறி 2: உறுப்பு எல்லாம் இருக்கிறது; ஆனாலும் ‘மே பி அக்கர்டு’ என்ற இடத்தில் வழிகாட்டி சுழித்திருக்கிறார்

நான் அதிகம் சந்திக்கும் பழுது இதுதான். ‘மே பி அக்கர்டு’, ‘மே பி ஹாப்பண்ட்’, ‘மே பி ரிசல்டட்’, ‘மே பி அரிசன்’. பிள்ளைகளால் நம்பவே முடிவதில்லை. ‘அக்கா, மே இருக்கிறது, பி இருக்கிறது, மூன்றாம் வடிவம் இருக்கிறது, இன்னும் என்ன தவறு?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை ஆங்கிலத்தில் இல்லை, நம் ‘ஏற்படு’ என்ற சொல்லில் இருக்கிறது.

‘ஏற்படலாம்’ என்பதில் ‘பட’ கேட்கிறது. ‘பாதிக்கப்படலாம்’ என்பதிலும் ‘பட’ கேட்கிறது. இரண்டும் ஒரே இனம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ‘பாதி’ என்ற வினைக்குச் செயப்படுபொருள் உண்டு: ஈ தென்னையைப் பாதித்தது, தென்னை ஈயால் பாதிக்கப்பட்டது. ‘ஏற்படு’ அப்படிப் புரளாது. நஷ்டம் ஏற்பட்டது, அவ்வளவுதான். ‘எதை ஏற்பட்டது?’ என்று கேட்க முடியாது. அதன் ‘படு’ சொல்லோடு பிறந்தது. செயப்பாட்டு வினையின் அடையாளம் அல்ல. இந்த ஒலியை நம்பி ஆங்கிலத்தில் ‘பி’யைச் சேர்த்தால் வாக்கியம் கெடுகிறது.

சோதனை இதுதான். வினையிடம் ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். விடை வந்தால் ‘பி’ போடலாம். வராவிட்டால் ‘பி’யை எடுத்துவிடுங்கள். நடக்கக்கூடியதற்கு ‘மே அக்கர்’, நடந்ததற்கு ‘மே ஹாவ் அக்கர்டு’.

இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

காரணம் யார் என்று சொல்ல வேண்டுமென்றால் வினையையே மாற்றுங்கள். ‘மே ஹாவ் பீன் காஸ்டு பை’ என்று எழுதினால் ‘பை’க்குப் பின்னால் காரணத்தை வைக்க இடம் கிடைக்கும்.

‘ரிசல்ட்’டையே வைத்துக்கொள்ள விரும்பினால் திசையைப் பாருங்கள். விளைவு எழுவாயாக இருந்து காரணம் பின்னால் வந்தால் ‘மே ரிசல்ட் ஃப்ரம்’. காரணம் எழுவாயாக இருந்து விளைவு பின்னால் வந்தால் ‘மே ரிசல்ட் இன்’. இவற்றை மாற்றிப் போட்டால் வறட்சியால் காய் உதிர்ந்தது என்று சொல்ல வந்தவர், காய் உதிர்ந்ததால் வறட்சி வந்தது என்று எழுதிவிடுவார். அப்படியே அச்சுக்குத் தயாராக வந்த ஒரு பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

‘இன்க்ரீஸ்’, ‘சேஞ்ச்’ போன்றவை இரண்டு பக்கமும் வேலை செய்யும் வினைகள். ‘மே இன்க்ரீஸ்’ என்றால் தானே கூடலாம்; ‘மே பி இன்க்ரீஸ்டு’ என்றால் யாரோ எதையோ செய்து கூட்டலாம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அளவைப் பற்றி எழுதும் பிள்ளைகளிடம் நான் கேட்பது: அது முதிர முதிரக் கூடியதா, நீங்கள் உரம் மாற்றிக் கூட்டியதா? விடையே வடிவத்தைச் சொல்லிவிடும். அதற்கும் மேல் ஐயம் இருந்தால் மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதியைப் பாருங்கள். வினை செயப்படுபொருள் ஏற்குமா என்பதை ஒவ்வொரு சொல்லுக்கும் குறித்திருப்பார்கள்.

அறிகுறி 3: சென்ற ஆண்டு நடந்ததை எழுதியிருக்கிறீர்கள், படிப்பவர் பொதுவிதி என்று நினைக்கிறார்

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி தென்னை பற்றிய ஆய்வேட்டோடு வந்திருந்தாள். 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னைகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் முட்டைகள், ஈ கழிக்கும் இனிப்புத் திரவம் சொட்டிய கீழ் ஓலைகளில் கரும்பூசணம். அடுத்த ஆண்டு காய் குறைந்ததை அவள் மரம் மரமாக எண்ணியிருந்தாள். எழுதியிருந்த வாக்கியம்: ‘தி யீல்ட் லாஸ் மே பி காஸ்டு பை ஒயிட்ஃப்ளை’.

‘அம்மணி, இது எந்தத் தோப்பு?’ என்று கேட்டேன்.

‘நான் எண்ணிய தோப்புகள்தான் அக்கா. போன வருடம்.’

‘தமிழில் சொல்.’

‘வெள்ளை ஈயால் மகசூல் குறைந்திருக்கலாம்.’

சொன்ன உடனேயே அவள் பென்சிலை எடுத்து ‘பி’யின் மேல் கோடு போட்டு ‘ஹாவ் பீன்’ என்று எழுதினாள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘குறைந்திருக்கலாம்’ என்பதுபோல் நடந்து முடிந்ததோடு ‘இருக்கலாம்’ ஒட்டி வந்தால் இங்கே ‘ஹாவ் பீன்’ வரும். உலகத்தில் எந்தத் தோப்பிலும் நடக்கக்கூடியது என்றால் ‘கேன் பி’. இந்தத் தோப்பில் அந்த ஆண்டு நடந்ததன் காரணத்தை ஊகித்தால் ‘மே ஹாவ் பீன்’.

இதன் கிளையாக இன்னொரு பழுது: ‘குட் பி அப்சர்வ்டு’. ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் என்று பள்ளியில் படித்ததை வைத்து, ‘காண முடிந்தது’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். படிப்பவர் ‘காணப்படக்கூடும்’ என்றும் எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் பார்த்திருந்தால் ‘வாஸ் அப்சர்வ்டு’ என்று எழுதுங்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

அந்த மாணவியின் வாக்கியத்தில் இன்னொரு பழுதும் இருந்தது. அது கடைசி அறிகுறியில் வரும்.

அறிகுறி 4: ‘இல்லை’ என்று சொல்லும்போது பொருள் தலைகீழாகிறது

‘மே நாட் பி காஸ்டு பை’ என்றால் ‘காரணமாக இல்லாமலும் இருக்கலாம்’. ‘கெனாட் பி காஸ்டு பை’ என்றால் ‘காரணமாக இருக்கவே முடியாது’. முன்னது ஐயம், பின்னது தீர்ப்பு. ‘முடியாது’ என்று மனத்தில் ஓடுவதால் கை ‘கெனாட்’டை எழுதிவிடுகிறது.

பயனுள்ள ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘கெனாட் பி ரூல்ட் அவுட்’, அதாவது ‘இல்லையென்று ஒதுக்கிவிட முடியாது’. சான்று மிகவும் மெலிந்திருக்கும்போது நேர்மையாகச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியாது. ஓர் அத்தியாயத்தில் ஒருமுறைக்கு மேல் வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி 5: ஐயமாக எழுதினீர்கள், உத்தரவாகப் படித்துவிட்டார்கள், அல்லது இதன் மறுதலை

இந்திய அலுவலக ஆங்கிலத்தில் ‘மே பி’க்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. கோப்புகளில் ‘தி பில் மே பி பாஸ்டு’ என்று எழுதினால் பில் பாஸாகலாம் என்று யாரும் ஊகம் சொல்லவில்லை. பாஸ் செய்யுங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். ‘மே கைண்ட்லி பி டேக்கன்’ என்றால் எடுத்தே ஆக வேண்டும். வேளாண் பரிந்துரைகளிலும் இதே வழக்கம் புகுந்திருக்கிறது. ‘நீம் கேக் மே பி அப்ளைடு’ என்றால் வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள் என்று நம் ஊர் அலுவலர் சரியாகவே புரிந்துகொள்வார். வெளிநாட்டு ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ‘இடலாம், இடாமலும் இருக்கலாம்’ என்று படித்துவிட்டு, உங்கள் பரிந்துரைதான் என்ன என்று கேட்பார்.

சோதனை: அந்த ‘மே பி’யைத் தமிழாக்குங்கள். ‘இடவும்’ என்று வருகிறதா, ‘நடக்கலாம்’ என்று வருகிறதா?

‘இடவும்’ என்றால், இந்திய அலுவலகத்துக்குப் போகும் தாளில் அப்படியே விடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் தாளில் ‘ஷுட் பி அப்ளைடு’ என்றோ ‘இஸ் ரெகமண்டட்’ என்றோ மாற்றுங்கள்.

‘நடக்கலாம்’ என்றால் ‘மைட் பி’ அல்லது ‘குட் பி’ போடுங்கள். இவை இரண்டையும் உத்தரவாக யாரும் படிக்கமாட்டார்கள்.

ஒரே தாளில் இரண்டு பொருளிலும் ‘மே பி’ கலந்து கிடப்பதுதான் ஆபத்து. முடிவுகள் அத்தியாயத்தையும் பரிந்துரைகள் அத்தியாயத்தையும் தனித்தனியாகத் தேடித் திருத்துங்கள்.

அறிகுறி 6: பணிவு நிறைய இருக்கிறது, அளவு இல்லை

கொங்கு நாட்டில் வாக்கியத்தின் முடிவில் ஒரு ‘ங்க’ இல்லாவிட்டால் காது சுடும். அந்த ‘ங்க’ கேட்பவருக்குக் கொடுக்கும் மரியாதை. சொல்லும் செய்தியின் உறுதியை அது ஒரு குன்றிமணி அளவும் குறைப்பதில்லை. ‘தண்ணீர் கெட்டுவிட்டதுங்க’ என்றாலும் தண்ணீர் கெட்டதுதான்.

இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் ‘கைண்ட்லி’, ‘ஹம்ப்ளி’ என்று வந்து இறங்குகிறது. ‘இட் இஸ் ஹம்ப்ளி சப்மிட்டட் தட் தி ட்ரீட்மெண்ட் ப்ரூவ்ஸ்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். தாழ்மையோடு சொல்லியிருக்கிறான், ஆனால் ‘நிரூபிக்கிறது’ என்ற சொல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அவனுடைய சோதனையில் இருந்தது மூன்று பாத்தி.

பணிவுச் சொற்களை அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்கும் வினையைப் பாருங்கள். ‘ப்ரூவ்’ இருந்தால் ‘சஜஸ்ட்’ ஆக்குங்கள். அல்லது ‘மே பி டேக்கன் டு சஜஸ்ட்’ என்று எழுதுங்கள். அளவு என்பது வினையில் இருக்க வேண்டும்.

அறிகுறி 7: ‘ஏன் இவ்வளவு தயக்கம்?’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள்

ஒரு பக்கத்தை எடுத்து ஒவ்வொரு மே, மைட், குட், கேனையும் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு வாக்கியம் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

செய்முறை அத்தியாயத்தில் வட்டம் விழுந்தால் அது கட்டாயம் பிழை. ‘தி சாம்பிள்ஸ் மே பி வெய்டு’ என்றால் எடை போட்டீர்களா இல்லையா? போட்டிருந்தால் ‘வேர் வெய்டு’.

பதிவான உண்மையின் மேல் வட்டம் விழுந்தாலும் பிழை. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ‘மே பி கன்சிடர்டு’ என்று எழுதி ஒரு பிள்ளை கொண்டுவந்தது. பதிவேட்டில் இருப்பதற்கு ஊகம் எதற்கு?

‘இட் ஷுட் பி நோட்டட் தட்’, ‘இட் கேன் பி சீன் ஃப்ரம் தி டேபிள்’ என்பவற்றைப் பிழையென்று எண்ண வேண்டாம். வார்ப்பு ஒன்றுதான் என்றாலும் அவை தயக்கம் அல்ல. விரல் நீட்டிக் காட்டுபவை. ஆனால் பத்தி தோறும் விரல் நீட்டினால் படிப்பவர் சலித்துப்போவார். பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டு நேராக அட்டவணை சொல்வதை எழுதலாம்.

விவாத அத்தியாயத்தில்தான் இந்த வாக்கியங்களின் வீடு. அங்கேயும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கம் போதும். ‘இட் மே பாசிப்ளி பி சஜஸ்டட் தட் பர்ஹாப்ஸ்’ என்று நான்கு முட்டுக்கொடுத்தால் கூரை விழப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். மூன்றை எடுத்துவிடுங்கள். துணைவினையும் முதன்மை வினையும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். ‘கன்க்ளூடட்’ கனமான வினை. அதன் முன்னால் ‘மைட்’ நிற்காது, ‘கேன்’ நிற்கும். ‘சஜஸ்டட்’ இலேசானது, ‘மே’யும் ‘குட்’டும் அதற்குப் போதும். ‘அட்ரிபியூட்டட் டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும், ‘தட்’ வரக்கூடாது.

அறிகுறி 8: வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் ‘யார் சொன்னது?’ என்று கேட்கிறார்கள்

இந்தப் பழுதைச் சொல்லை மாற்றிச் சரிசெய்ய முடியாது. செயப்பாட்டு வினையில் ஆள் மறைந்துவிடுகிறார். ‘இட் கேன் பி ஆர்கியூட் தட்’ என்றால் வாதிடுவது யார், எதை வைத்து? படிப்பவருக்கு இரண்டில் ஒன்றாவது கிடைக்க வேண்டும்.

முதலில் மலிவான காரணம்: ஆதாரம் உங்களிடம் இருக்கிறது, வாக்கியத்துக்குப் பக்கத்தில் இல்லை. அட்டவணை எண்ணையோ முந்தைய ஆய்வையோ அடுத்த வாக்கியத்திலேயே வையுங்கள். தீர்ந்தது.

அடுத்தது: அது உங்கள் சொந்தக் கருத்து, ஆனால் ஆளை மறைத்து எழுதியிருக்கிறீர்கள். தைரியமாக ‘வி சஜஸ்ட்’ என்று எழுதலாம். அளந்து சொல்ல எப்போதும் செயப்பாட்டு வினைதான் வேண்டும் என்பதில்லை. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ அமைப்பைப் பற்றிய தங்கள் கட்டுரையைத் ‘வி விஷ் டு சஜஸ்ட்’ என்றுதான் தொடங்கினார்கள். ஆள் முன்னால் நிற்கிறார், கூற்று அடக்கமாக இருக்கிறது. உங்கள் துறையின் ஆய்விதழ் ‘வி’யை ஏற்கிறதா என்று மட்டும் அண்மை இதழ்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, செலவு வைப்பது: ஆதாரமே போதவில்லை. பொள்ளாச்சி மாணவியின் வாக்கியத்துக்குத் திரும்புகிறேன். ‘மே ஹாவ் பீன் காஸ்டு பை ஒயிட்ஃப்ளை’ என்று திருத்தியாகிவிட்டது. இலக்கணம் முழுமை. ஆனால் வெள்ளை ஈ கண்டறியப்பட்ட அதே 2016இல்தான் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. தென்னையில் பாளை வெடித்த பிறகு காய் முற்ற ஏறத்தாழ 12 மாதம் ஆகும். ஆக, அவள் எண்ணிய குறைவான காய்களுக்கு ஈயும் காரணமாக இருந்திருக்கலாம், முந்தைய ஆண்டின் வறட்சியும் காரணமாக இருந்திருக்கலாம். ‘மே’ என்ற ஒரு சொல் இந்தச் சிக்கலை மூடி மறைத்துக்கொண்டிருந்தது.

அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: அதே கிணற்றுப் பாசனம், அதே வயது மரம், ஈ மட்டும் தாக்காத தோப்பு ஏதாவது எண்ணினாயா? எண்ணியிருந்தாள். ஆனால் ஒப்பிடவில்லை. இந்த இடத்தில் என் வேலை முடிந்து புள்ளியியல் தெரிந்தவரின் வேலை தொடங்குகிறது. உங்கள் கல்லூரியிலேயே புள்ளியியல் ஆசிரியர் இருப்பார். பதிவேட்டோடு போங்கள், ஆய்வேட்டோடு போகாதீர்கள். அவருக்கு வேண்டியது எண்கள். மகசூல் குறைவில் எவ்வளவு ஈயோடு சேர்ந்து போகிறது என்று அவர் சொன்ன பிறகு ‘மே’யா ‘மைட்’டா என்று முடிவு செய்யலாம். அவள் ஒரு வாரம் கழித்து வந்தபோது வாக்கியத்தில் வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரவுட்’டும் சேர்ந்திருந்தது, எது எவ்வளவு என்பதற்கு ஓர் அட்டவணையும் இருந்தது.

இதே அறிகுறி கடிதத்தில் வந்தால்

திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர், அதாவது நிறுவனத்தின் சார்பில் வாடிக்கையாளரின் ஆர்டரைக் கவனிப்பவர், இரவு எட்டு மணிக்கு வந்தார். டி-சர்ட்டுகளில் லாட்டுக்கு லாட், அதாவது தொகுதிக்குத் தொகுதி, நிறம் வேறுபடுகிறது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் புகார். அவர் எழுதியிருந்த பதில்: ‘தி ஷேட் வேரியேஷன் இஸ் காஸ்டு பை வாட்டர்’. தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்தீர்களா என்றேன். இல்லை, சாயப்பட்டறையில் அப்படிச் சொன்னார்களாம். நூல் ஒரே லாட்டா? தெரியவில்லை. எடுத்துவைத்த மாதிரித் துணிகளை லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்தை ஒத்த டி65 விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தீர்களா? இன்னும் இல்லை.

அவர் ‘இஸ்’ஸை ‘மே பி’ ஆக்கித் தரச் சொன்னார். நான் மறுத்தேன். சோதிக்காத காரணத்தை ‘மே பி’ போட்டு அனுப்பினால், அடுத்த வாரம் வேறு காரணம் தெரியவரும்போது முதல் கடிதமே அவருக்கு எதிராக நிற்கும். ‘அட்ரிபியூட்டட்’ என்ற சொல்லை எழுத வேண்டுமானால் ஏதாவது ஒரு சோதனையின் முடிவு கையில் இருக்க வேண்டும். எனவே அன்றிரவு போன கடிதத்தில் காரணமே இல்லை. மூன்று செய்திகள் மட்டும்: புகார் கிடைத்தது, மாதிரிகள் ஒப்பிடப்படுகின்றன, தண்ணீரும் நூல் லாட்டும் சோதிக்கப்படுகின்றன. பின்னிரண்டிலும் ‘ஆர் பீயிங்’. ‘மே’ எங்கும் இல்லை.

சோதனை முடிவு வந்த பின் இரண்டாவது கடிதத்தை எழுதினோம். நூலில் இரண்டு லாட் கலந்திருந்தது பதிவேட்டில் தெரிந்தது. அதை ‘வாஸ் ஃபவுண்ட்’ என்று நேராக எழுதினோம். நிற வேறுபாடு முழுவதும் அதனால்தானா என்பது உறுதியில்லை; அங்கே மட்டும் ‘மே பி லார்ஜ்லி அட்ரிபியூட்டட் டு’.

இத்தகைய கடிதத்தில் வழக்கறிஞரை அழைக்க வேண்டிய கட்டமும் ஒன்று உண்டு. பணத்தைப் பிடித்தம் செய்வதாகச் சொல்லும் டெபிட் நோட் வந்துவிட்டாலோ, ஒப்பந்தத்தின் எண்ணிட்ட ஷரத்தை வாடிக்கையாளர் மேற்கோள் காட்டியிருந்தாலோ, அதற்குப் பிறகு ‘மே பி’யையும் ‘இஸ்’ஸையும் நீங்களோ நானோ தேர்ந்தெடுக்கக்கூடாது. கடிதத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, ஆர்டர், சாயப்பட்டறை ரசீது, சோதனை அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.